வீட்டைத் தூக்கும் பனி

நம் ஊரில் வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போது, எவ்வளவு ஆழம் என்று கேட்டால் கொத்தனாரிடமிருந்து வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "கெட்டி மண்ணு தட்டுற வரைக்கும்." இரண்டடியிலேயே சரளை வந்துவிட்டால் அதற்குக் கீழே போவது வீண் செலவு என்பார். டொராண்டோவில் இந்தப் பதில் செல்லாது. இரண்டடியில் எவ்வளவு இறுகிய மண் கிடைத்தாலும், வெளிச்சுவரைத் தாங்கும் கான்கிரீட் ஃபுட்டிங்கின் அடிப்பக்கம் தரைமட்டத்துக்கு 1.2 மீட்டர் கீழே இருக்க வேண்டும் என்பது அங்கே நடைமுறை விதி. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் தெற்கே 42 அங்குலம், வடக்கே 60 அங்குலம். டொராண்டோவில் ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் வீடு வாங்கிய நம் உறவினர்கள் வீட்டில் நிலத்துக்கடியில் ஒரு முழுத் தளம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எப்படியும் நாலடி தோண்டியே ஆக வேண்டும் என்றால், இன்னும் நாலடி தோண்டி அதை ஒரு தளமாக்கிக்கொள்வதுதான் லாபம்.

வீட்டின் பாரத்துக்கு அந்த நாலடி தேவையில்லை, பனிக்காகத்தான் தோண்டுகிறார்கள். அப்படியானால் இன்னும் குளிரான நாடுகளில் இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டுமல்லவா? நார்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஆழம் குறைந்த அடித்தளத்தின்மேல் நிற்கின்றன. பல இடங்களில் 40 செ.மீ. ஆழமே போதுமானதாக இருக்கிறது. தோண்டாமல் விட்ட ஆழத்துக்குப் பதிலாக அங்கே என்ன செய்கிறார்கள்? சுவரின் வெளிப்பக்கமாக ஐந்து செ.மீ. கனமுள்ள பாலிஸ்டைரின் பலகையைப் பதிக்கிறார்கள். குளிர் கடுமையான இடங்களில் இன்னொரு பலகையை ஃபுட்டிங் மட்டத்தில் படுக்கையாக, வீட்டுக்கு வெளியே தோட்டத்தின் பக்கம் நீட்டிப் புதைக்கிறார்கள்.

வீட்டைக் குளிரிலிருந்து காக்கும் பொருளை வீட்டுக்கு வெளியே மண்ணுக்குள் ஏன் புதைக்க வேண்டும்? எடை தாங்காத, சூடு உண்டாக்காத அந்தப் பலகை எண்பது செ.மீ. மண் செய்யும் வேலையை எப்படிச் செய்கிறது? இதற்கு விடை சொல்ல முதலில் இரண்டு காரியங்கள் தெரிய வேண்டும்: குளிர் நிலத்துக்குள் எப்படி இறங்குகிறது, இறங்கியபின் அங்கே என்ன செய்கிறது.

முதலாவதைக் கண்டுபிடிக்க ஒரு நீளமான வெப்பமானியும் பொறுமையும் போதும். 1837-இல் எடின்பரோ நகரின் கால்ட்டன் குன்றில் ஜேம்ஸ் டேவிட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்பியலாளர் நான்கு வெப்பமானிகளைப் பாறைக்குள் இறக்கினார். அவை 3, 6, 12, 24 பிரெஞ்சு அடி ஆழத்தில் இருந்தன. கடைசியின் ஆழம் இன்றைய கணக்கில் ஏறத்தாழ 7.8 மீட்டர். குமிழ் அடியில் இருக்க, தண்டு மட்டும் தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்; வெளியில் நின்றே அளவைப் படிக்கலாம். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அந்த அளவுகளை 1861-இல் வில்லியம் தாம்சன், அதாவது பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர், எடுத்து ஆராய்ந்தார். ஆழம் கூடக்கூடக் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிக்கொண்டே போனது. அதோடு பருவம் தாமதமாகவும் வந்தது. மிக ஆழத்தில் இருந்த வெப்பமானி ஆண்டின் உச்ச வெப்பத்தைக் காட்டியது ஜனவரித் தொடக்கத்தை ஒட்டி! மேலே பனி கொட்டும்போதுதான் கீழே கோடை வந்து சேருகிறது.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் கட்டடக்காரருக்கு மிக முக்கியமானது. மண் வெப்பத்தை மெல்லத்தான் கடத்துகிறது. வேகமாக ஏறி இறங்கும் வெப்ப மாற்றம் மேலோடு அடங்கிவிடும். மெதுவாக மாறுவது மட்டுமே ஆழத்துக்குப் போகும். பகல் இரவு வேறுபாடு அரை மீட்டருக்குள் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. ஆண்டுச் சுழற்சி அதைப்போல் பத்தொன்பது மடங்கு ஆழம் போகிறது. அதற்கும் கீழே குளிரும் கிடையாது, கோடையும் கிடையாது. அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டிய ஒரே நிலை. டொராண்டோவில் அது பூஜ்யத்துக்கு மேலே பல டிகிரி. ஆகவே வெளியே எவ்வளவு கடுங்குளிர் அடித்தாலும், மண் உறையும் எல்லை ஓர் ஆழத்தில் நின்றுவிடும். அதை உறைபனி எல்லை என்று சொல்லலாம். ஃபுட்டிங் அதற்குக் கீழே இருக்க வேண்டும் என்பதுதான் பழைய விதி.

இந்த எல்லையை நேரில் பார்க்கவும் முடியும். மெத்திலீன் நீலம் என்ற சாயம் கலந்த தண்ணீரைத் தெளிவான குழாயில் அடைத்து மண்ணுக்குள் செங்குத்தாக இறக்கி வைப்பார்கள். உறைந்த பகுதியில் நீலம் மறைந்துவிடும், உறையாத பகுதியில் நீலம் அப்படியே இருக்கும். குழாயை வெளியே எடுத்து, நிறம் மாறும் இடத்தை அளந்துவிட்டுத் திரும்ப இறக்கிவிடலாம். சாலைப் பொறியாளர்கள் இப்படி அளந்த அளவுகள்தான் பல வரைபடங்களுக்கு அடிப்படை.

எல்லை எவ்வளவு இறங்கும் என்பது ஒரு நாள் குளிரைப் பொறுத்ததல்ல. குளிர்காலம் முழுவதும் சேரும் குளிரைப் பொறுத்தது. ஒரு நாளின் சராசரி மைனஸ் 5 டிகிரி என்றால் கணக்கில் 5 வைக்க வேண்டும். மறுநாள் மைனஸ் 8 என்றால் 8. இப்படிக் கூட்டிவரும் எண்ணை உறைகுளிர்த் தொகை எனலாம். ஆழம் இந்தத் தொகைக்கு நேர் விகிதத்தில் கூடுவதில்லை. ஏற்கெனவே உறைந்த அடுக்கைத் தாண்டித்தான் அடுத்த அடுக்கின் வெப்பம் வெளியேற வேண்டியிருப்பதால், ஆழம் இரட்டிப்பாக நான்கு மடங்கு குளிர் தேவை. இயற்பியலாளர் யோசெஃப் ஸ்டெஃபான் 1891-இல் துருவக் கடல் பனியின் கனத்தை ஆராய்ந்தபோது வகுத்த விதி இது, மண்ணுக்கும் பொருந்துகிறது. தண்ணீர் உறையும்போது வெளியிடும் உள்ளுறை வெப்பமும் எல்லையைத் தடுத்து நிறுத்துகிறது. ஒரு கிலோ தண்ணீர் பூஜ்ய டிகிரியில் பனியாக மாறும்போது, அதே தண்ணீரை 80 டிகிரிக்குச் சூடாக்கத் தேவையான அளவு வெப்பத்தை வெளிவிடுகிறது. ஆகவே ஈரமண்ணில் உறைபனி எல்லை காய்ந்த மண்ணைவிட மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் அந்த ஈரம்தான் வீட்டுக்கு ஆபத்து.

மண் உறைந்தால் வீட்டுக்கு என்ன? உறையும் தண்ணீர் ஒன்பது சதவீதம் விரிகிறது, அதனால் மண் புடைத்து வீட்டைத் தூக்குகிறது என்று பள்ளிப் படிப்பு நமக்குச் சொல்லத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்காது. கொள்ளளவில் நாற்பது சதவீதம் தண்ணீர் நிறைந்த மண் ஒரு மீட்டர் ஆழத்துக்கு உறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தண்ணீர் எங்கும் தப்பிப் போகாமல் முழுவதும் மேல்நோக்கியே விரிந்தாலும் மூன்றரை செ.மீ.தான் எழும்பும். குளிர்நாடுகளில் சாலைகள் பத்து, இருபது செ.மீ. கூட எழும்பியதை அளந்திருக்கிறார்கள். மீதி எங்கிருந்து வருகிறது?

தெற்குக் கரோலைனா பல்கலைக்கழகத்தில் புவியியல் பேராசிரியராக இருந்த ஸ்டீஃபன் டேபர் இந்தக் கேள்வியைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோனார். 1929-லும் 1930-லும் வெளியான அவருடைய கட்டுரைகள் இந்தத் துறைக்கே அடித்தளம். களிமண் உருளைகளை மேலிருந்து மட்டும் உறையவைத்தார். அடியில் தண்ணீர் கிடைக்கும்படி செய்தார். உருளைகள் வளர்ந்தன. அறுத்துப் பார்த்தால் உள்ளே தெளிந்த பனி அடுக்கடுக்காக இருந்தது. பனி அடுக்குகளுக்கு இடையிலிருந்த களிமண்ணோ முன்னைவிட வறண்டிருந்தது. அடியில் தண்ணீர் கிடைக்காமல் மூடி உறையவைத்த உருளைகள் அவ்வளவாக வளரவில்லை. ஆக, ஏற்கெனவே இருந்த தண்ணீர் விரிந்தது முக்கியமல்ல. புதுத் தண்ணீர் கீழிருந்து வந்து சேர்ந்ததுதான் காரணம்.

இதோடு அவர் நிறுத்தவில்லை. அடுத்து அவர் செய்தது, என் கணக்கில், மண் அறிவியலின் மிக அழகான சோதனைகளில் ஒன்று. தண்ணீரை எடுத்துவிட்டு பென்சீனை ஊற்றினார். பென்சீன் உறையும்போது விரியாது, சுருங்கும். விரிவுதான் காரணம் என்றால் பென்சீன் ஊறிய மண் உறையும்போது அமிழ்ந்திருக்க வேண்டும். அமிழவில்லை, எழும்பியது. நைட்ரோபென்சீனிலும் அப்படியே. ஒன்பது சதவீத விளக்கம் அன்றே முடிந்துபோனது. ஏறக்குறைய எழுபது ஆண்டு கழித்து வேறு ஆய்வாளர்கள் திரவ ஹீலியத்திலும் ஆர்கானிலும்கூட இதே எழுச்சியைக் கண்டார்கள். இது தண்ணீருக்கு மட்டும் உரிய குணமல்ல, உறையும் பொருளுக்கும் திண்மப் பரப்புக்கும் இடையிலான பொதுவான உறவு என்று அதனால் உறுதியானது.

அந்த உறவு என்ன? அகல் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். சுடர் திரியின் நுனியில் எண்ணெயைத் தீர்க்கத் தீர்க்க, அடியிலிருந்து எண்ணெய் திரிவழியே ஏறிக்கொண்டே இருக்கிறது. அகலில் எண்ணெய் உள்ளவரை இது நிற்காது. மண்ணில் உறைபனி எல்லைதான் அந்தச் சுடரின் இடம். அங்கே வந்து சேரும் தண்ணீர் பனியாக மாறித் தீர்ந்துபோகிறது. நுண்ணிய மண் துகள்களின் இடைவெளி திரியாக நின்று, கீழேயுள்ள நிலத்தடி ஈரத்தை மேலே இழுத்துத் தருகிறது. சேரும் பனி தரைக்கு இணையாக ஒரு தட்டையான அடுக்காகத் தடிக்கிறது. இதைப் பனிவில்லை என்று அழைக்கலாம். வில்லை தடிக்கும் அளவுக்கு மேலிருக்கும் மண்ணும், அதன்மேல் வைத்த எதுவும் எழும்பும். குளிர் ஒரே சீராக நீடித்து உறைபனி எல்லை ஓரிடத்தில் நின்றுவிட்டால் வில்லை அங்கேயே கனத்துக்கொண்டு போகும். மேலே இழுபட்டு வரும் தண்ணீர் விடும் உள்ளுறை வெப்பமும் மேலே போகும் வெப்பமும் சமமாக இருக்கும்வரை எல்லை நகராது.

பனி, மேலேயுள்ள மண் துகளை ஏன் தள்ளுகிறது, ஏன் அதை விழுங்கிவிடவில்லை என்பது இன்னும் நுட்பமான கேள்வி. பனிக்கும் கல்லுக்கும் நடுவில், பூஜ்யத்துக்குக் கீழே கூட, உறையாத தண்ணீர்ப் படலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. கனம் மிகக் குறைவு: ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் சில பங்கு. பனியின் மேற்பரப்பில் இப்படியொரு நீர்ப்படலம் இருக்க வேண்டும் என்று மைக்கேல் ஃபாரடே 1850-இலேயே, இரண்டு பனித்துண்டுகள் தொட்டவுடன் ஒட்டிக்கொள்வதைக் காட்டிச் சொல்லியிருந்தார். இந்தப் படலம் மெலிய மறுக்கிறது. பனி அதை உண்ண உண்ணப் பக்கத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சித் தன் கனத்தைக் காத்துக்கொள்கிறது. அப்போது பனியையும் துகளையும் ஒன்றுக்கொன்று விலக்கித் தள்ளுகிறது. எவ்வளவு அழுத்தத்தோடு? வெப்பநிலை பூஜ்யத்துக்கு ஒரு டிகிரி கீழே இருந்தால், அதிகபட்சம் சதுர மீட்டருக்கு நூற்றுப்பத்து டன் அளவுக்கு. சாதாரண வீட்டின் ஃபுட்டிங் மண்மேல் இறக்கும் பாரம் சதுர மீட்டருக்குப் பத்து டன் சுமாருக்குத்தான் வரும். ஆக, ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு குளிர் போதும். வீட்டின் எடையை நம்பிப் பனியை அடக்க முடியாது.

வீடு முழுவதும் ஒரே சீராக எழும்பி, வசந்தத்தில் ஒரே சீராக இறங்கினால் பெரிய சேதம் இல்லை. ஆனால் வடக்குச் சுவரோரம் நிழல், தெற்குச் சுவரோரம் வெயில். ஒரு மூலையில் கூரைத் தண்ணீர் ஊறிய மண், இன்னொரு மூலையில் வறண்ட மண். ஒரு பக்கம் மூன்று செ.மீ., மறுபக்கம் ஒன்றுமில்லை என்றால் செங்கல் சுவர் பிளக்கும், கதவு நிலையில் மாட்டிக்கொள்ளும். கரிசல் மண்ணில் கட்டிய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த விரிசல்கள் தெரிந்தவையே. அங்கே மழைக்குப் புடைத்து வெயிலுக்குச் சுருங்கும் களிமண் செய்கிற வேலையை இங்கே பனி செய்கிறது. இளகும் காலத்தில் இன்னொரு தொல்லை: வில்லைகள் மேலிருந்து உருகும்போது, அடியில் மண் இன்னும் உறைந்திருப்பதால் தண்ணீர் வடியாது, சேறான மண் பாரம் தாங்காமல் அமிழும்.

எல்லா மண்ணும் இப்படிச் செய்வதில்லை. மணலின் இடைவெளிகள் அகலமானவை. தண்ணீர் எளிதாக ஓடும், ஆனால் உறிஞ்சும் விசை இல்லை. நல்ல களிமண்ணில் உறிஞ்சும் விசை ஏராளம், தண்ணீர் நகரும் வேகமோ மிகக் குறைவு. இரண்டுக்கும் நடுவிலுள்ள வண்டல்தான் மோசம்: இழுக்கவும் தெரியும், கடத்தவும் தெரியும். மண் பொறியாளர் ஆர்தர் கசக்ராண்டே 1931-இல் கள அனுபவத்திலிருந்து ஓர் அளவுகோல் தந்தார். பல அளவுத் துகள்கள் கலந்த மண்ணில் 0.02 மில்லிமீட்டரைவிடச் சிறிய துகள்கள் எடையில் மூன்று சதவீதத்துக்கு மேல் இருந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நூற்றில் மூன்றே பங்கு! அந்த அளவுகோல் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

ஆக மூன்று சேர்ந்தால்தான் விபரீதம்: உறையும் குளிர், இழுக்கும் மண், இழுக்கத் தண்ணீர். இதில் எந்த ஒன்றை எடுத்துவிட்டாலும் வீடு அசையாது. ஆழமாகத் தோண்டுவது முதலாவதிலிருந்து விலகிப்போகும் வழி. மற்ற இரண்டையும் ஒன்றாக விலக்கிய ஒரு கட்டடம் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் 1937 முதல் நிற்கிறது. பிராங்க் லாய்ட் ரைட் வடிவமைத்த ஜேக்கப்ஸ் வீடு. முழு பேஸ்மென்ட் கிடையாது; சுவர்களுக்கு அடியில் கல்லும் சரளையும் நிரப்பிய அகழி, அதன்மேல் கான்கிரீட் தளம். சரளையில் தண்ணீர் தங்காது, மேலே ஏறவும் செய்யாது. உறைந்தாலும் வில்லை பிடிக்க வழியில்லை. தளத்துக்கு அடியில் சூடான குழாய்கள் வேறு ஓடின.

பாலிஸ்டைரின் பலகை முதலாவதையே எதிர்கொள்கிறது. மண்ணும் கான்கிரீட்டும் வெப்பத்தைக் கடத்தும் அளவோடு ஒப்பிட்டால் இந்தப் பலகை ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்குதான் கடத்துகிறது. அதாவது ஐந்து செ.மீ. பலகை, வெப்பத்தின் கண்ணில், இரண்டரை மீட்டர் மண்ணுக்கு நிகர். ஃபுட்டிங்கை ஆழத்தில் வைப்பதன் பயன் அதற்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் வெப்பத் தடை இருப்பதுதான். அடியும் மீட்டரும் அந்தத் தடையை அளக்க நாம் பழகிக்கொண்ட வழி, அவ்வளவே. அதே தடையை மெல்லிய பலகையாக வாங்கிப் படுக்கப்போட முடியும் என்றால் தோண்டத் தேவையில்லை.

பலகை சூடு உண்டாக்குவதில்லை, சரிதான். ஆனால் மண்ணில் சூடு ஏற்கெனவே இருக்கிறது. கோடை முழுவதும் இறங்கிய வெப்பம் கீழே தங்கியிருப்பதைத்தான் ஃபோர்ப்ஸின் வெப்பமானி ஜனவரியில் காட்டியது. குளிர்காலத்தில் அது மேல்நோக்கி ஏறிவருகிறது. வீட்டின் தளத்திலிருந்தும் கொஞ்சம் வெப்பம் கீழே கசிகிறது. சுவரோரத்தில் இவ்விரண்டும் வெளியேறும் குறுக்குவழியைப் பலகை மறித்துவிடுகிறது. வெப்பம் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் ஃபுட்டிங்கைச் சூழ்ந்த மண்ணில் தேங்கி நிற்கிறது. உறைபனி எல்லை வீட்டை நெருங்கும்போது மேல்நோக்கி வளைந்துவிடுகிறது. தோட்டத்தின் நடுவே மண் ஒரு மீட்டர் உறைந்திருக்கலாம். ஃபுட்டிங்கின் அடியில் உறையாது.

இதே படத்திலிருந்து மூலைகளின் விதியும் விளங்கும். நேரான சுவருக்கு ஒரு பக்கமிருந்துதான் குளிர் வருகிறது. வீட்டின் மூலைக்கு இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. அதனால் மூலைகளில் படுக்கைப் பலகை இன்னும் அகலமாக நீள வேண்டும். எவ்வளவு குளிருக்கு எவ்வளவு பலகை என்பது அந்த ஊரின் உறைகுளிர்த் தொகையைப் பொறுத்தது, அதுவும் நூறு ஆண்டில் ஒருமுறை வரக்கூடிய கடுங்குளிர் ஆண்டின் தொகை. மிதமான குளிருக்கு நிற்கும் பலகை மட்டும் போதும். கடுங்குளிருக்குப் படுக்கைப் பலகை அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரையோ அதற்கு மேலுமோ நீளும்.

ஸ்காண்டினேவிய ஆய்வாளர்கள், குறிப்பாக 1970களில் நார்வேக்காரர்கள், இந்தக் கணக்குகளைச் செம்மையாக்கினார்கள். அமெரிக்கர்கள் அதை அப்படியே நம்பவில்லை, அது நல்லதாகவே முடிந்தது. 1990களின் தொடக்கத்தில் வெர்மான்ட், அயோவா, வட டகோட்டா மாநிலங்களில் சோதனை வீடுகளைக் கட்டி, ஃபுட்டிங்குகளைச் சுற்றி வெப்ப உணரிகளைப் புதைத்துக் குளிர்காலத்தில் அளந்தார்கள். ஃபுட்டிங்கின் அடிமண் உறையவில்லை. அதன்பிறகே இந்த முறை அங்கே கட்டட விதிகளில் ஏறியது; 2001-இல் அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கம் இதற்கெனத் தனித் தரநிலை வெளியிட்டது.

எந்தப் பலகை என்பதில் அலட்சியம் கூடாது. நம் கடைகளில் தெர்மோகோல் என்று விற்பது மணிமணியாக ஊதி ஒட்டவைத்த பாலிஸ்டைரின். மணிகளுக்கு இடையே தண்ணீர் நுழைய இடமுண்டு. ஈரம் ஏறினால் வெப்பத் தடை குறையும். மண்ணுக்குள் பெரும்பாலும் பயன்படுவது எக்ஸ்.பி.எஸ். எனப்படும், அச்சு வழியே அழுத்திப் பிழிந்தெடுத்த வகை. இதில் ஒவ்வொரு குமிழும் நாற்புறமும் மூடியிருக்கும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை இரண்டாம் உலகப்போரின்போது இதை உயிர்காப்புத் தெப்பங்களுக்குப் பயன்படுத்தியது அந்தக் குணத்தால்தான். கறையான் உள்ள நிலங்களில் வேறொரு கவலை. கறையான் பாலிஸ்டைரினைத் தின்பதில்லை. ஆனால் குடைந்துகொண்டு, யார் கண்ணிலும் படாமல் மரச்சட்டம் வரை ஏறிவிடும். கறையான் மிகுந்த, அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில், அதாவது புளோரிடா, லூசியானா போன்ற இடங்களில், நிலத்துக்குள் இந்தப் பலகையை வைக்கக் கட்டட விதியே தடை சொல்கிறது. நம் ஊர்க்காரர் யாராவது இதைப் படித்துவிட்டு ஆசைப்பட்டால் அந்தத் தடையை நினைவில் வைக்க வேண்டும்.

ஃபுட்டிங் போடும் வேலை மற்றபடி நமக்குத் தெரிந்ததுதான். கிளறப்படாத மண் வரை தோண்டி, சரளை பரப்பி, வடிகால் குழாய் வைத்து, பலகை அடைத்து, கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றுவது. சரளைக்கு அங்கே இரட்டை வேலை: பாரத்தைப் பரப்புவது, தண்ணீர் ஏறும் வழியை அறுப்பது. குளிர்நாட்டுக்கு மட்டும் உரிய இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. உறைந்த மண்ணின்மேல் கான்கிரீட் ஊற்றக்கூடாது. அது கல்லாக இறுகிக் கிடப்பதைப் பார்த்து ஏமாந்தால், வசந்தத்தில் அடியிலிருந்து பனி கரைந்து ஃபுட்டிங் இறங்கும். ஊற்றிய கான்கிரீட்டும் உறையக்கூடாது. சதுர சென்டிமீட்டருக்கு முப்பத்தைந்து கிலோ அளவுக்காவது வலு ஏறும்வரை அதை மூடி வைக்க வேண்டும். சிமென்ட் இறுகும்போது தானே வெப்பம் விடுவதால், காப்பு விரிப்பால் மூடினால் பெரும்பாலும் அந்த வெப்பமே போதும். நம் ஊரில் கியூரிங் என்றால் தண்ணீர் ஊற்றுவது. அங்கே குளிர்காலத்தில் கியூரிங் என்றால் சூட்டை விடாமல் பிடிப்பது.

இதுவரை பலகை காத்தது மண்ணை. வீட்டுக்குள் இருப்பவர்களுக்கும் அதனால் நன்மை உண்டு. சுவரை எவ்வளவு நன்றாகக் காப்பிட்டாலும், தளத்தின் விளிம்பில் கான்கிரீட் நேராக வெளிமண்ணைத் தொட்டால் வெப்பம் அந்த வழியே ஓடிவிடும். இதற்கு வெப்பப் பாலம் என்று பெயர். விளிம்பை ஒட்டி உள்தரை சில்லிடும். குளிர்ந்த பரப்பில் அறையின் ஈரம் படிந்து பூஞ்சை பிடிக்கும். பாலத்தை முழுவதும் அறுக்க விரும்புகிறவர்கள் ஃபுட்டிங்குக்கு அடியிலேயே பலகை வைத்துவிடுகிறார்கள். நுரையின்மேல் வீடு நிற்குமா என்ற பயம் இயல்பானது. ஆனால் கெட்டியான எக்ஸ்.பி.எஸ். வகைகள் சதுர மீட்டருக்கு ஐம்பது டன்னுக்கு மேல் தாங்கும். வீட்டின் பாரம் பத்து டன் சுமார் என்று முன்பே பார்த்தோம். நுரை, நீண்டகாலப் பாரத்தில் மெல்ல மெல்ல அமுங்கும் தன்மை கொண்டது என்பதால் அதன் வலுவில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்வது வழக்கம். அப்படிப் பார்த்தாலும் பாரம் வரம்புக்குள் அடங்கிவிடுகிறது.

இந்த முறை தோற்கும் இடங்கள், வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதை மறந்த இடங்களே. கணக்கு சூடாக்கிய வீட்டுக்கானது. அதை அப்படியே சூடாக்காத கார் ஷெட்டுக்கும், குளிர்காலத்தில் பூட்டிக்கிடக்கும் விடுமுறை வீட்டுக்கும் பயன்படுத்தினால் மண்ணுக்கு மேலிருந்து கிடைக்கும் வெப்பம் இல்லாமல் போகும். அவற்றுக்குக் கட்டடத்தின் அடி முழுவதும் பலகை விரித்து, கீழிருந்து வரும் வெப்பத்தை மட்டும் நம்பி வேறு கணக்குப் போட வேண்டும். இன்னொரு தவறு நல்லெண்ணத்தில் நடப்பது. பழைய வீட்டின் மின்செலவைக் குறைக்கப் பேஸ்மென்ட் சுவரின் உட்புறம் காப்பிடுகிறார்கள். வீடு கதகதப்பாகிறது, இதுவரை கசிந்த வெப்பத்தால் உறையாமலிருந்த வெளிமண் இப்போது உறைகிறது. உறைந்த மண் கான்கிரீட் சுவரின் பக்கத்தைக் கவ்விக்கொண்டு மேலே இழுக்கும், ஃபுட்டிங் எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும். சுவரோரம் பனியை வாரி ஒதுக்கிச் சுத்தமாக வைப்பதும் உறைபனி எல்லையை ஆழமாக்குகிறது, ஏனென்றால் விழுந்து கிடக்கும் பனியே நல்ல வெப்பக்காப்பு.

இன்னும் வடக்கே போனால் கணக்கு தலைகீழாகிறது. சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் மண் கோடையிலும் கரையாத நிலைத்த உறைமண். அங்கே 1830களில் வெட்டிய ஷெர்கின் கிணறு 116 மீட்டர் இறங்கியும் உறைமண்ணைத் தாண்டவில்லை. கோடையில் கரைந்து குளிரில் உறையும் மேலடுக்கைத் தவிர்த்தால் உறைமண் பாறை அளவுக்கு உறுதியானது. அது கரையாதவரை வீட்டுக்கு ஆபத்தில்லை. ஆகவே அங்கே பகை வீட்டின் சூடு. கட்டடங்களை ஆழமான தூண்கள்மேல் தூக்கி நிறுத்தி, தரைக்கும் தளத்துக்கும் நடுவே வெற்றிடம் விட்டு, குளிர்காற்று தாராளமாக ஓடும்படி செய்கிறார்கள். வெப்பக்காப்பு மண்ணுக்குள் போகாமல் தளத்தின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. சூடான எண்ணெய் ஓடும் அலாஸ்கா குழாய்ப்பாதையை 1970களில் அமைத்தபோது தாங்கு தூண்களுக்குள் 1,20,000-க்கும் மேற்பட்ட வெப்பக் குழாய்களைப் பொருத்தினார்கள். அவற்றில் அடைத்த அம்மோனியா, குளிர்காலத்தில் அடியிலுள்ள மண்ணின் சூட்டில் ஆவியாகி மேலே ஏறி, துடுப்புகளில் குளிர்ந்து, திரவமாகிக் கீழே இறங்கும். எந்திரம் இல்லை, மின்சாரம் இல்லை. கோடை வந்து மேலே மண்ணைவிடச் சூடாகிவிட்டால் சுழற்சி தானே நின்றுவிடுகிறது.